ஆழம் பார்த்தவர்: சுரஞ்சன் தாஸ் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் விமானப்படையின் ஓய்வுபெற்ற அதிகாரிகளே, விமானத் தொழிற்சாலையில் முப்பது நாற்பது ஆண்டுகள் ரிவெட் அடித்தும் வரைபடம் போட்டும் உழைத்துவிட்டு இன்று பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கும் பெரியவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் காலையிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும், நாற்காலி போட்ட தம்பிகள் வரைக்கும் ஒவ்வொருவருக்கும் என் நன்றி.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள். நல்ல வார்த்தை. ஆனால் எல்லோரும் கரையிலேயே நின்றால் அந்த ஆழத்தை யார்தான் பார்ப்பது? கையில் கோலோடு முதலில் இறங்கி, இங்கே முழங்கால், இங்கே இடுப்பு, இங்கே சுழி என்று கரைக்குக் குரல் கொடுக்க ஒருவர் வேண்டும். சோதனை விமானி என்பவர் அவர்தான். இன்று மூன்று செய்திகளைப் பேச நினைக்கிறேன். ஒன்று அந்த மனிதர், இரண்டு அவர் ஓட்டிய மாருத் போர் விமானம், மூன்று அவர் விட்டுச்சென்ற கிரண் பயிற்சி விமானம்.

குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ், இந்தியாவின் தலைமை நீதிபதியாக 1956 முதல் 1959 வரை இருந்த சுதி ரஞ்சன் தாஸின் மகன். 1958இல் நாட் போர் விமானங்கள் நம் படைக்கு வந்தபோது, அவற்றைப் பழக்கி எடுக்கக் கான்பூரில் அமைந்த பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அந்தச் சின்னஞ்சிறு நாட் விமானத்தில் இருந்தது ஒற்றை ஓர்ஃபியஸ் எஞ்சின். அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இரண்டாம் உலகப்போரில் பறந்த ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், 1956இல் தம் ஜெர்மானியக் குழுவோடு பெங்களூருக்கு வந்தார். அதற்கு முன்பு அர்ஜென்டினாவில் அவர் செய்த ஜெட் விமானத்தில் இரண்டு சோதனை விமானிகளைப் பறிகொடுத்திருந்தார். இங்கே, இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில், எச்.எஃப்.24 மாருத்தின் வேலை தொடங்கியது. உலோக விமானத்துக்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்தில் செய்தார்கள்! அதே நீளம், அதே அகலம், அதே பின்சாய்ந்த இறக்கை. உள்ளே எஞ்சின் மட்டும் கிடையாது. எக்ஸ்-241 என்ற கிளைடர் அது. 1959இல் அதை ஒரு டகோட்டா விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டி வானத்துக்கு இழுத்துப்போனார்கள். கிளைடரில் இருந்தவர் தாஸ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கயிற்றில் இழுபட்டுப் பறப்பது ஊஞ்சல் ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கிளைடர் கொஞ்சம் மேலே ஏறிவிட்டால், கயிறு டகோட்டாவின் வாலை மேலே தூக்கும். டகோட்டாவின் மூக்கு தரையைப் பார்க்கும். முன்னால் இருக்கிற விமானி இழுத்துப் பிடித்தாலும் நிமிராது. கிளைடர் இறங்கிவிட்டாலோ, முன்னே போகும் இரண்டு எஞ்சின்களின் கலங்கிய காற்றில் மாட்டிக்கொண்டு குலுங்கும். கயிறு தொய்ந்து திடீரென்று விறைத்தால் அறுந்துவிடும். இப்படி ஒரு முழத்துக்கும் இன்னொரு முழத்துக்கும் நடுவில் பிடித்துக்கொண்டே மேலே போய், தாமே கொக்கியைக் கழற்றிவிட்டு, அப்புறம்தான் சோதனை தொடங்குகிறது.

பின்சாய்ந்த இறக்கை வேகத்தில் சொன்னபடி கேட்கும். வேகம் குறைந்தால் குணம் மாறும். காற்றுப் பிடிப்பு முதலில் இறக்கையின் நுனியில்தான் விடுபடும். நுனி பின்னால் சாய்ந்திருப்பதால், அங்கே தூக்குவிசை போனதும் மூக்கு தானாக மேலே கிளம்பும்; மூக்கு கிளம்பினால் வேகம் இன்னும் குறையும். இது எந்த வேகத்தில் வருகிறது, வருவதற்கு முன்னால் உடம்பு நடுங்கி எச்சரிக்கிறதா, வேகத்தைக் குறைக்கும் தடுப்புப் பலகையை விரித்தால் என்ன ஆகிறது? ஒவ்வொன்றையும் சிறுசிறு படியாக வேகத்தைக் குறைத்துப் பார்த்து, முழங்காலில் கட்டியிருக்கும் அட்டையில் எண்ணாக எழுத வேண்டும். பிறகு தரையிறங்க வேண்டும். எஞ்சின் இல்லாததால் தப்பினால் இன்னொரு சுற்று வர வழியில்லை, ஒரே வாய்ப்பு. இப்படி எழுபதுக்கும் மேற்பட்ட முறை அந்த மரப்பறவை பறந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றால், இதுதான் ஆழம் பார்க்கும் முறை.

உலோக விமானம் வந்ததும் உடனே பறந்துவிடக் கூடாது. எந்தப் புது விமானத்துக்கும் முதலில் மெதுவான ஓட்டம், பிறகு பாதி வேகம், பிறகு முன்சக்கரம் தூக்கும் வேகம் வரை ஓடி நிறுத்துவது. இதில் பலரும் மறக்கிற ஒன்று பிரேக்கின் சூடு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. ஆறவிடாமல் அடுத்த ஓட்டம் ஓடினால் டயர் வெடிக்கும். பொறுமைதான் இங்கே துணிச்சல். 1961 ஜூன் 17 அன்று தாஸ் மாருத்தை முதல்முறையாக வானத்துக்குக் கொண்டுபோனார். நம் மண்ணில் உருவான முதல் ஜெட் போர் விமானம் அது.

இப்போது அந்த எஞ்சின் கதை. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகம் வேண்டும் என்று விமானப்படை கேட்டது. ஆளுக்கு 8,170 பவுண்டு உந்துவிசை தரும், விசையைக் கூட்டும் பின்னெரிப்பான் வைத்த இரண்டு ஓர்ஃபியஸ் எஞ்சின்களை நம்பி உடலை வரைந்தார்கள். அதை உருவாக்கி வந்த ஆங்கிலேயர் அந்த எஞ்சினைக் கைவிட்டார்கள். கையில் மிஞ்சியது நாட் விமானத்து எஞ்சினின் உறவுக்காரனான, பின்னெரிப்பான் இல்லாத ஓர்ஃபியஸ் 703. ஒன்றுக்கு 4,850 பவுண்டு. கணக்குப் போடுங்கள்: 16,340 கேட்ட உடலுக்கு 9,700 கிடைத்தது. பாம்பு போன்ற மெல்லிய உடம்பு, அழகான இறக்கை, உள்ளே பாதிக்குச் சற்று மேலான பலம்.

அந்தக் குறையைத் தீர்க்க நம் பொறியாளர்கள் தாங்களே பின்னெரிப்பான் செய்து பார்த்தார்கள். டர்பைனைத் தாண்டி வரும் சூடான வாயுவில் மறுபடியும் எரிபொருளைத் தெளித்து எரிப்பதுதான் அது. எரியும்போது வாயு விரிகிறது, அதனால் பின்வாய் அகல வேண்டும். அகலாமல் போனால் அழுத்தம் திரும்பி எஞ்சினைத் திணறடிக்கும். அகன்றுவிட்டுத் தீ பற்றாமல் போனாலோ இருந்த உந்துவிசையும் குறையும். பின்வாய்க்காக வாலைப் பருமனாக்கினால் காற்றின் இழுவை கூடும். பெங்களூருவின் பழைய விமான நிலையமோ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,900 அடி உயரம். காற்று ஏற்கெனவே எட்டு சதவீதம் மெலிந்தது. எஞ்சினுக்கும் அது போதாது, இறக்கைக்கும் போதாது. தரையை விட்டுக் கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் உயரமும் இல்லை, வேகமும் இல்லை, யோசிக்க நேரமும் இல்லை. 1970 ஜனவரி 10 அன்று, பின்னெரிப்பான் பொருத்திய மாருத்தில் அந்த ஓடுபாதையிலிருந்து கிளம்பிய சுரஞ்சன் தாஸ், சற்று நேரத்திலேயே விபத்தில் மாண்டார். அவர் மறைந்த பிறகு பத்மபூஷண் வந்தது. பழைய மதராஸ் சாலையையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். தினமும் அந்த வழியே ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள்.

எஞ்சினை அயலாரிடம் கேட்டு நிற்கிற நிலையை நாம் இன்னும் முழுதாகத் தாண்டவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: இந்தத் தேசத்துக்குப் போர் விமானம் எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் அதன் சோதனைக் குறிப்புகள். எந்த வேகத்தில் நடுங்கியது, எந்த உயரத்தில் எஞ்சின் திணறியது என்று தாஸும் அவர் தோழர்களும் எழுதிய ஒவ்வொரு எண்ணும் உயிரைப் பணயம் வைத்து அளந்த ஆழம். அந்தக் குறிப்புகள் விமானவியல் மாணவர் கையில் பாடநூலாக இருக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற நாம், அளந்த ஆழத்தை அவர்களிடம் காட்ட வேண்டாமா? மாருத் ஒன்று ஜெர்மனியில் ஷ்லைஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் கூரைக்குள் நிற்கிறது. நம் ஊர்களில் வெயிலிலும் மழையிலும் நிற்கிற மாருத்களுக்கும் கூரை வேண்டும். அலுமினியத் தகட்டின் மடிப்புக்குள் மழைநீர் தேங்கினால் அரிப்பு உள்ளிருந்து தொடங்கும். மேலே அடிக்கிற வண்ணம் அதை மறைக்குமே தவிர நிறுத்தாது.

செயலாளர் நேரம் முடிந்ததென்று சீட்டு அனுப்பியிருக்கிறார், நியாயமான சீட்டு. கிரணைப் பற்றி விரிவாகப் பேச முடியவில்லை, மன்னிக்க வேண்டும். 1964 செப்டம்பர் 4 அன்று அதையும் முதலில் பறக்கவைத்தவர் தாஸ்தான். தலைமுறை தலைமுறையாக நம் விமானிகள் அதில்தான் ஜெட் பழகினார்கள், சூர்யகிரண் சாகசக் குழுவின் பெயரிலும் அது இருக்கிறது.

வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. அதில் இரண்டே கோரிக்கைகள். இரகசியம் நீங்கிய பழைய சோதனைப் பறப்பு அறிக்கைகளைப் பொறியியல் நூலகங்களுக்குத் தர வேண்டும். வெளியில் நிற்கும் ஒவ்வொரு மாருத்துக்கும் கூரை போட்டு, அருகில் அதை முதலில் ஓட்டியவரின் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட இசைந்திருக்கிறார்கள். பின்வரிசைத் தம்பி தங்கைகளே, பேனா அங்கேயே இருக்கிறது. வணக்கம்.