ஏணியை நிறுத்திக் காட்டும் தேர்வு

நேயர்களுக்கு வணக்கம். கட்டுமானத் தொழிலாளரிடம் இரண்டு வகைச் சான்றுகள் கேட்கப்படுகின்றன. பணியிடத்தின் ஆபத்துகளை அவர் அறிவாரா என்று பார்ப்பது பாதுகாப்புத் தேர்வு. கொத்து வேலையோ கம்பி கட்டுதலோ சாரம் அமைத்தலோ, அதைக் குறித்த தரத்தில் செய்ய அவரால் முடியுமா என்று பார்ப்பது தொழில் தகுதிச் சான்றிதழ். இவற்றுள் ஒன்று இருந்தால் மற்றொன்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தூக்குக்குண்டு பிசகாமல் சுவர் எழுப்பும் கைதேர்ந்த கொத்தனாரே, தாம் நிற்கப்போகும் சாரப் பலகையின் இரு முனைகளும் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாராமல் ஏறிவிடுகிறார். இத்தனை ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லை என்ற நம்பிக்கைதான் அவரை ஏற்றிவிடுகிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1988ஆம் ஆண்டில் கட்டுமானப் பணிக்கென்றே ஏற்றுக்கொண்ட 167ஆம் உடன்படிக்கை, ஆபத்துகளைத் தொழிலாளருக்கு எடுத்துச் சொல்லவும் அவற்றிலிருந்து காத்துக்கொள்ளப் பயிற்சி அளிக்கவும் வேண்டும் என்கிறது. பயிற்சியை விட்டுவிட்டு, விடைகளை மட்டும் மனப்பாடம் செய்யவைத்துப் பாதுகாப்புத் தேர்வில் தேறியதற்கான அட்டை வழங்கினால், வேலை கொடுப்பவரின் கடமை தொழிலாளியின் தலையில் ஏற்றப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஏணியையே எடுத்துக்கொள்வோம். நான்கு மீட்டர் உயரத்தில் சாய்த்தால் அதன் அடி சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஏறி இறங்கும் தளத்துக்கு மேலே ஏணி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டிருந்தால்தான் கால் மாற்றும்போது பிடிக்க இடம் கிடைக்கும். தாளில் இந்த விகிதத்தைச் சரியாகக் குறித்தவரிடம் ஏணியைக் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். அடியைச் சுவரோடு ஒட்டி வைப்பவர் எத்தனை பேர் என்பது அப்போது தெரியும். பள்ளம் தோண்டுவதும் அப்படித்தான். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை டன் எடை இருக்கும் என்று உணர்ந்தவர், முட்டுக்கொடுக்காத ஆழ்பள்ளத்தில், ஒரு நிமிட வேலைதானே என்று இறங்க மாட்டார்.

எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்கள் ஏராளம். அவர்களுக்குக் கேள்வியை அவர்கள் மொழியில் வாய்விட்டுக் கேட்க வேண்டும், படம் காட்ட வேண்டும். இல்லையேல் தேர்வு அளப்பது எழுத்தறிவை மட்டுமே.

பள்ளிக்கூடம் காணாமல், சித்தாளாகத் தொடங்கி மேஸ்திரியிடம் பார்த்துப் பார்த்துக் கற்றவரின் திறனுக்கும் சான்று உண்டு. முறைசாராமல் கற்றதையும் மதிப்பிட்டு அங்கீகரிக்க வேண்டும் என்று அதே அமைப்பின் 2004ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. மதிப்பீட்டாளர் பணியிடத்துக்கே வந்து, அவர் வேலை செய்வதைப் பார்த்து, இடையிடையே காரணம் கேட்டு எழுதிக்கொள்ளும் முறையே இதற்கு ஏற்றது. அந்த நேரத்திலேயே, தையல் பிரிந்த பாதுகாப்பு வார் ஒன்றை மற்றவற்றோடு கலந்து அவர் முன் வைக்கலாம். அதை விரலால் தடவிப் பார்த்து ஒதுக்கி வைக்கிறாரா, நல்லதை அணிந்து கொக்கியைத் தலைக்கு மேலுள்ள உறுதியான இடத்தில் மாட்டுகிறாரா என்று கவனித்தால், இரண்டு சான்றுகளுக்கும் உரிய விடை அங்கேயே கிடைத்துவிடும்.