எட்டுக் கட்டில், ஒரே அறை

(சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆற்றிய பயண உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். முன்வரிசையில் இருக்கும் அம்மாமார்களுக்குத் தனி வணக்கம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது பிள்ளைகள்தான். தூக்கம் கெடப்போவது உங்களுக்கு.

பயணிகள் விடுதியில் முன்பின் தெரியாத ஏழு பேரோடு ஒரே அறையிலா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இந்த விடுதி முறையைத் தொடங்கி வைத்தவர் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். 1909இல் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போன இடத்தில் பெருமழை பிடித்துக்கொள்ள, ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிகளில் பிள்ளைகளைத் தங்கவைக்கலாமே என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது. இன்றைக்குப் பல விடுதிகளில் பெண்கள் மட்டும் தங்கும் அறையும் உண்டு. முன்பதிவின்போதே அதைக் கேட்டு வாங்குங்கள், தங்கைகளே. விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் கிளம்புமுன் வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதில்லை. பக்கத்து வீட்டு இருமல் சுவர் தாண்டிக் கேட்கும், குழாயடியில் வாளி வரிசையில் நிற்கும். ஆனால் லயத்தில் சண்டை போட்டால் சமாதானமாக நாள் கிடக்கிறது. விடுதியில் இருப்பது இரண்டு மூன்று இரவு. பேச்சுத் திறமையை விட, அடுத்தவரைத் தூங்க விட்டீர்களா என்பதுதான் அங்கே நட்பைத் தீர்மானிக்கிறது.

விடியற்காலை பஸ்ஸுக்குப் போகிறவர் இரவே மூட்டை கட்டிவிட வேண்டும். துணிகளைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். ஐந்து மணி இருட்டில் அந்தச் சரசரப்பு அறை முழுவதையும் எழுப்பிவிடும். துணிப்பை போதும். கைப்பேசி அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்குக் கீழே செருகுங்கள். பெரிய விளக்கைப் போடாமல் கைப்பேசி வெளிச்சத்தைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள்.

குறட்டைக்காரர் எந்த அறையிலும் ஒருவர் இருப்பார். காதில் வைக்கும் நுரை அடைப்பான் வாங்கியும் பயனில்லை என்று புலம்புகிறவர்கள் அதை அப்படியே காதில் திணிக்கிறவர்கள். விரலால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை முப்பது விநாடி பிடித்திருக்க வேண்டும்.

பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும். பல விடுதிகளில் அலமாரி மட்டும்தான் தருவார்கள். தடித்த பூட்டு அதன் வளையத்தில் நுழையாது. மெல்லிய கம்பிப் பூட்டு வாங்குங்கள். கட்டிலில் உட்காருமுன் மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. வேறு அறை கேளுங்கள், சங்கடப்படாதீர்கள். பார்த்து முடிக்கும்வரை பை கட்டில்மேல் ஏறக்கூடாது.

ஜீன்ஸ் வேண்டாம். நம் ஈரக்காற்றில் கட்டில் கம்பியில் போட்டால் லேசில் காயாது, நாற்றம் எல்லாருக்கும். கைலி ஒன்று கண்டிப்பாக எடுங்கள். துவட்டவும் போர்த்தவும் ஆகும். கீழ்க்கட்டில் கிடைத்தால் மேல்க்கட்டில் சட்டத்தில் செருகித் திரையாகத் தொங்கவிடலாம். கடையில் விற்கும் பயணத் துண்டுகளை விட இது மேல் என்பது எங்கள் கட்சி.

சமையலறைக்கு வருவோம், நட்பு விளையும் இடம் அதுதான். மீன் கறித்தூள் சின்னப் பொட்டலம் ஒன்று கையில் இருந்தால் தமிழன் அங்கே ராஜா. பெரிய சார்டின் டின் ஒன்று, வெங்காயம் இரண்டு, கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் புளி. சோற்றோடு நால்வருக்குக் காணும். ஆனால் காய்ந்த மிளகாய் தாளிக்காதீர்கள். காற்றுப் போக்கு குறைந்த அறையில் நெடி ஏறி எல்லாரும் இருமுவார்கள், புகை அலாரமும் அடிக்கலாம். வெங்காயத்தை மிதமான தீயில் வதக்கி, கறித்தூளைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுங்கள். பெலாச்சான் என்ற இறால் விழுது, கருவாடு இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மன்னிக்கவும்! பரிமாறுமுன் யார் சைவம், யாருக்கு ஹலால் வேண்டும் என்று கேளுங்கள். சட்டியைச் சாப்பிட்ட கையோடு கழுவுங்கள். குளிர்பெட்டியில் வைப்பதற்குப் பெயரும் தேதியும் ஒட்டுங்கள். ஒட்டாததைப் பொதுச்சொத்தாக எண்ணித் தின்றுவிடுவார்கள் அல்லது குப்பையில் போடுவார்கள்.

பேச்சு தொடங்கும்போது நம்மவர் வழக்கப்படி வயது, சம்பளம், கல்யாணம் என்று போகாதீர்கள். “இங்கே எங்கே பசியாறலாம்?” என்று கேட்டால் போதும். பினாங்கு லவ் லேன் பக்கம் தங்கியிருப்பவர்களிடம் அதைக் கேட்டால் அரைமணி நேரம் பேச்சு ஓடும்.

பணம் மட்டும் அன்றன்றே தீர வேண்டும். நால்வர் சேர்ந்து கிராப் வாடகைக் கார் பிடித்தால், இறங்குமுன் பங்கை வாங்கிவிடுங்கள். “பிறகு பார்த்துக்கலாம்” என்ற ஐந்து வெள்ளிதான் நாளைக்கு முகத்தைத் திருப்ப வைக்கும். எல்லை தாண்டும்போது புது நண்பரின் பொட்டலத்தை, எவ்வளவு சின்னதானாலும், உங்கள் பையில் வாங்காதீர்கள். கடப்பிதழை யாரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள்.

ஹாட் யாய் போகிறவர்கள் கவனிக்க: தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னே. எல்லையில் உள்ள பாடாங் பெசாரில் இரயில் மாறுகிறவர்கள் பயணச்சீட்டில் எந்த நாட்டு நேரம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்கு மின்னியல் வருகை அட்டை வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசாங்கத்துடையதல்ல.

கிளம்பும் காலையில் விரிப்பை உருவிக் கூடையில் போட்டு, சாவியைக் கொடுத்து முன்பணத்தைக் கேட்டு வாங்குங்கள். மிச்ச அரிசி, எண்ணெயைப் பொது அலமாரியில் வைக்கலாம். நண்பரின் எண்ணைப் பதியும்போது பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு டேனியல் வந்துவிட்டால் எவர் எவரென்று தெரியாது.

மேடைக்குப் பக்கத்தில் 40 லிட்டர் பை ஒன்று இருக்கிறது. கட்டிப் பழக விரும்புகிறவர்கள் தேநீருக்குப் பிறகு வாருங்கள்.