அலமாரியைத் திறந்துவிட்டு அப்புறம் காணொளியைப் போடுங்கள்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, வட்டார வள மையத்திலிருந்து வந்திருக்கும் பயிற்றுநர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்களாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நூலகப் பணியை விட்டுவிட்டு நமக்காக வந்திருக்கும் நூலகர் ஐயா அவர்களே, பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் அண்ணாகிராமத்திலிருந்தும் விடுமுறை நாளில் பஸ் ஏறி வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்து வரவேற்ற விழாக் குழுவினருக்குத் தனியாக ஒரு நன்றி. இந்தப் புத்தகம் இன்றைக்கே ஒரு பள்ளிக்குப் போய்விடும். மாவட்ட அளவில் இருக்கும் வேலைகளுக்கு நடுவே வாழ்த்துச் செய்தி அனுப்பிய அதிகாரிகளுக்கும் நன்றி.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தகவல் தேடக் கற்றுத்தரும் காணொளிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. நான்கு செய்திகள் சொல்ல நினைத்திருக்கிறேன். காணொளியின் நீளம், அதன் மொழி, அதில் உள்ள தகவலின் நம்பகம், பார்த்தபின் பிள்ளை என்ன கற்றது என்று மதிப்பிடும் முறை. இந்த நான்குக்கும் அடியில் ஒரு பழமொழி இருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். காணொளி என்பது கண்ணும் காதும் சேர்ந்தது. ஆகவே இரண்டு மடங்கு விசாரிக்க வேண்டும்.

நீளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2014-இல் பிலிப் குவோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்ப்பவர் கவனம் பொதுவாக ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டார்கள். அங்கே படித்தவர்கள் பெரியவர்கள். நம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்கு நிமிடமே அதிகம். கேள்வியை உருவாக்குவதற்கு ஒன்று, தேடுசொல்லைப் பிடிப்பதற்கு ஒன்று, படித்ததைத் தன் சொல்லில் குறித்துக்கொள்வதற்கு ஒன்று என்று படிக்கு ஒரு சிறு காணொளியாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லும் இருபது நிமிடக் காணொளி வேண்டாம். பின்னணி இசை முழங்கும் காணொளியும் வேண்டாம். பாடத்துக்குத் தேவையில்லாத இசையும் அலங்காரமும் கற்றலைக் கெடுக்கும் என்று கல்வி உளவியல் அறிஞர் ரிச்சர்டு மேயர் சோதனைகள் செய்து காட்டியிருக்கிறார்.

பாடத்தை விளக்கும் காணொளிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 2018 முதல் நம் பாடப்புத்தகத்தில் க்யூஆர் குறியீடு வந்தது, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2023-இல் மணற்கேணி செயலி வந்தது. மூன்றும் நல்ல முயற்சிகள், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் எப்படித் தேடுவது, இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் எதை நம்புவது என்று சொல்லித்தரும் தமிழ்க் காணொளியை நீங்கள் தேடித்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் போடுவதற்கு முன்பு முழுவதும் நீங்கள் பாருங்கள். சொல்கிறவர் தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறாரா? தேடிக் காட்டுகிறாரா, இல்லை 'தேட வேண்டும்' என்று உபதேசம் மட்டும் செய்கிறாரா? எங்கே நிறுத்திப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கலாம்? அப்புறம், முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நெட் நிற்கும், நடுவில் விளம்பரம் வரும்.

நம்பகத்துக்கு வருகிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. முந்திரிக்காடு சூழ்ந்த ஊர். மார்ச் மாதம், காய் விழுகிற காலம். நான்காம் வகுப்பு டீச்சர், தகவல் சேகரிப்பது எப்படி என்று ஒரு காணொளி போட்டார். அழகான படம், அழகான குரல். அதில் எடுத்துக்காட்டாக வந்தது முந்திரி. 'முந்திரிப் பழத்தைப் பிளந்தால் உள்ளே முந்திரிக்கொட்டை இருக்கும்' என்று அந்தக் குரல் சொல்கிறது.

சிரிக்கிறீர்கள்! நீங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர்கள், சிரிக்கத்தான் செய்வீர்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றாள். 'டீச்சர், கொட்ட உள்ள இருக்காது. பழத்துக்கு அடியில தொங்கும். நான் தெனம் பொறுக்குறேன்' என்றாள். உடனே பக்கத்திலிருந்த பையன், 'கம்ப்யூட்டர்லயே சொல்றாங்க, நீ என்ன பெரிய ஆளா?' என்றான். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. முந்திரிக்காட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் திரையின் பக்கம்!

அந்த டீச்சரை நான் இந்த மேடையிலிருந்து கையெடுத்துக் கும்பிடுகிறேன். 'சரி, யார் சொல்வது உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று கேட்டார். மறுநாள் அந்தப் பெண் கொட்டையோடு ஒரு பழத்தைக் கொண்டுவந்தாள். இன்னொரு பையன் கொட்டை உடைக்கும் தன் பாட்டியையே அழைத்துவந்தான். அந்தம்மா கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுக் கருத்த தன் விரல்களைக் காட்டி, கொட்டையை எப்படித் திருகி எடுப்பது, எப்படி உடைப்பது என்று அரை மணி நேரம் பேசினார். முந்திக்கொண்டு வெளியே நிற்பவனை முந்திரிக்கொட்டை என்று ஏன் திட்டுகிறோம் என்பதும் அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு விளங்கியது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

கதை இன்னும் முடியவில்லை. 'புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது?' என்று ஒரு பிள்ளை கேட்டது. அருமையான கேள்வி. டீச்சர் நூலக அலமாரிக்குப் போனார். பூட்டு. சாவி தலைமையாசிரியரிடம். அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்துத் திறந்தால், வந்த கட்டுப் பிரிக்கப்படாமலே புத்தகங்கள். உள்ளே மரங்களைப் பற்றிய ஒரு சிறுவர் நூல். அதில் பழமும், அடியில் தொங்கும் கொட்டையும் படமாக இருந்தன. முந்திரி நம் நாட்டு மரமில்லை, பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்ற செய்தியும் அதே பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் நோட்டில் 'சொன்னவர்: பாட்டி' என்றும் 'பார்த்த புத்தகம்' என்றும் எழுதிக்கொண்டார்கள். ஆய்வுக்குச் சான்று காட்டுவது என்று பல்கலைக்கழகத்தில் சொல்வது இதைத்தான்.

பிழையான காணொளிகூட நல்ல பாடமாகும், பக்கத்தில் திறந்த அலமாரி இருந்தால். கனடாவில் 1999-இல் தொலைக்காட்சியில் ஒரு சிறு படம் காட்டினார்கள். வீட்டுச் சமையலறையில் கையளவு நீர்யானை ஒன்று ஓடியாடுவதை விலங்குப் படம் போலவே எடுத்திருந்தார்கள். கடைசியில், உண்மை போலத் தெரிந்தாலும் இது உண்மை இல்லை, ஆகவே பார்ப்பதைப் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று முடித்தார்கள். இதை ஐந்தாம் வகுப்பில் போட்டுப் பாருங்கள். அந்த நொடியிலேயே பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் தேட அவர்களுக்கு இடம் எங்கே?

இங்கிருந்து சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழி. அங்கே பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பது. ஒருகாலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். நாம் இன்று அலமாரியில் பூட்டிவைக்கிறோம். 1948-இல், விடுதலை பெற்ற நாட்டில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்த மாநிலத்தின் தொடக்கப்பள்ளிப் பிள்ளை சாவிக்காக இரண்டு நாள் காத்திருக்கலாமா? இந்தப் பழமொழியை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். தீர விசாரி என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, விசாரிக்கும் இடத்தை நாமே பூட்டக்கூடாது.

மொழி பற்றியும் மதிப்பீடு பற்றியும் பேச இருந்தேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், அடுத்துப் பேசும் அம்மாவுக்கும் நேரம் வேண்டும். ஆகவே கோரிக்கைக்கு வருகிறேன். ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் வாரம் ஒரு பாடவேளை நூலகத்துக்கு வேண்டும், கால அட்டவணையில் எழுதி, வேறு பாடத்துக்குப் பறிக்காமல். அலமாரிச் சாவி வகுப்பறையில் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையம் ஒன்றுக்கு ஒரு பயிற்சி பெற்ற நூலகரை அரசு நியமிக்க வேண்டும். காணொளியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஆசிரியருக்கு அவர் துணையாக இருப்பார். புத்தகம் கிழிந்தால் யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர்கள் பயப்படுகிறார்கள். அது நியாயமான பயம். கையாண்டு கிழிந்த புத்தகத்துக்குத் தணிக்கையில் விளக்கம் கேட்கக்கூடாது என்று தெளிவான ஆணை வேண்டும். அதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.

மனு வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அதை மாவட்டத்துக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அவருக்கு நன்றி. பெயரும் ஒன்றியமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வணக்கம்.