சொன்னவர் முதலில் சிரிக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக் கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தராக 28 வருடம் வீடு வீடாகப் போனவள் நான். நிறை, தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கான சாப்பாடு, இவைதான் நான் வழக்கமாகப் பேசுகிறவை. இன்றைக்கு வேறொன்று. சிரிக்கவைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஒருவர் ஏதோ சொல்கிறார். கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு செத்தவீடு. மூன்றாம் நாள். விறாந்தையில் பாய், நடுவில் வெற்றிலை வட்டா, குடித்து வைத்த கோப்பிக் கோப்பைகள். கணவரை இழந்த அம்மா சுவரோடு சாய்ந்திருக்கிறார். அழுது அழுது குரல் போய்விட்டது. மகள் கொண்டுவந்து வைத்த கஞ்சி ஆடை படிந்து அப்படியே பக்கத்தில் இருக்கிறது. செத்தவீட்டில் யாரிடமும் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது, உங்களுக்குத் தெரியும். பேசாமல் எழும்பி நடக்க வேண்டியதுதான். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரி எழும்பினார். நல்ல மனுசி, மூன்று நாளும் அந்த வீட்டு அடுப்படியில் நின்றவர். வாய்ப்பழக்கத்தில், "அப்ப போயிற்று வாறன் மச்சாள்" என்று சொல்லிவிட்டார். சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மாவுக்கும் வாய்ப்பழக்கம்தானே. தலை நிமிராமலே, "ஓம் மச்சாள், அடிக்கடி வந்து போங்க" என்றார்.

வீடு அப்படியே நின்றுவிட்டது. பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவரின் கை பாதியில் நின்றது. இரண்டு இளம் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை, அடக்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே நிமிர்ந்து, "நான் என்னகா சொன்னன்?" என்று கேட்டார். உதடு நடுங்கியது. சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வீடே சிரித்தது. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது. மகள் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அரைக் கோப்பை குடித்தார்.

முதலில் சிரித்தது அந்த அம்மா. இதை மறந்துவிடாதீர்கள், திரும்பவும் இதற்குத்தான் வருவேன்.

ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர்கள் கூடிப் பேசும் இடங்களில் நடந்த 1200 சிரிப்புகளைக் குறித்து வைத்துப் பார்த்தார். பகிடி என்று சொல்லக்கூடிய பேச்சுக்குப் பின்னால் வந்தவை 20 வீதம்கூட இல்லை. மற்றதெல்லாம் 'பிறகு சந்திப்போம்' போன்ற சாதாரணப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. நம்முடைய தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் ஒன்றுதான் வேண்டுமென்றே செய்வது. மழலை பேசும் பிள்ளை நம்மைச் சிரிக்கவைக்க நினைப்பதில்லை. தெரியாமல் பேசுகிறவரும் சொன்னதை அப்படியே நம்புகிறவரும் அப்படித்தான். கெடுதி எங்கே தொடங்குகிறது என்றால், அந்த மூன்றில் பிறந்த சிரிப்பை நாம் எள்ளலாக மாற்றும்போதுதான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றும் சொல்லவேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்கும் கிளினிக் நாள். எந்த ஊர் என்பது வேண்டாம். முதற்பிள்ளைக்காரி ஒருத்தி, சின்ன வயது. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகக் குடிக்கிறாயா மகள் என்று கேட்டேன். "ஓம் மிஸி, இரும்பெல்லா, கரையட்டும் எண்டு சுடுதண்ணியில குடிக்கிறன்" என்றாள். வாங்கில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளை எவ்வளவு அக்கறையாக நினைத்திருக்கிறாள்! இரும்பு இறுக்கமானது, சூடு பட்டால்தானே இளகும். தேயிலைத் தண்ணியோடு குடித்தால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது, தேசிக்காய்த் தண்ணி நல்லது என்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சிரிப்பில் அது போய்விட்டது.

அடுத்த மாதம் வந்தாள். எதைக் கேட்டாலும் "ஓம் மிஸி" மட்டும்தான். கால் வீங்கியிருந்ததைச் சொல்லவில்லை. குனிந்து நானே விரலால் அமுக்கிப் பார்த்தேன். விரல் பதிந்த குழி மேலெழும்பாமல் அப்படியே நின்றது. இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தாயும் பிள்ளையும் சுகமாக வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் அந்தக் குழி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவள் வாயை அடைத்தது எங்கள் சிரிப்பு.

சிரிப்பு வந்தால் வரட்டும், அது உடம்பின் வேலை. சொன்னவர் முகத்தை ஒருமுறை பாருங்கள். அவர் சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள். அவர் சிரிக்கவில்லையா, "ஏன் மகள் அப்படி நினைச்சீங்க?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் ஏதோ ஒன்று இருக்கும்.

கூத்துக் களரியில் வசனம் தடுமாறும்போது சனம் எப்படி நடந்துகொள்கிறது என்று விரிவாகச் சொல்ல எழுதிவைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். சரி, கூத்தை விடுவோம், வேறு ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றமாகி வந்த பிள்ளை ஒருத்தி எங்கள் பக்கத்துப் பெத்தா ஒருவரிடம் வழி கேட்டாள். "கோயிலடியில கிறுகுங்க மகள்" என்றார் பெத்தா. நாங்கள் திரும்புவதைத்தானே கிறுகுவது என்போம். அவளோ, "எனக்குத் தலை ஒன்றும் கிறுகேல்லை அம்மா" என்றாள். பெத்தா சிரிக்கவில்லை. கையைப் பிடித்துக் கோயிலடிவரை கூட்டிப்போய், அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, "இதுதான் மகள் கிறுகிற" என்றார். அந்தப் பிள்ளைதான் முதலில் சிரித்தாள்.

நேரமாகிவிட்டது. வணக்கம்.