முதலில் எழுதியவர் யார்?

சபையோருக்கு வணக்கம்.

கொழும்பில் ஓட்டோ ஓட்டுபவரிடமோ கடைப் பையனிடமோ சிங்களம் தெரியுமா என்று கேட்டால், கொஞ்சம் தெரியும் என்பார்கள். "ராஜகாரியட்ட பாதா" என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கடமைக்கு இடையூறு. ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை வெள்ளைக்காரன் ஒழித்து இருநூறு வருடம் ஆகப் போகிறது. சொல் மட்டும் இன்னும் பொலிஸ் நிலையத்தில் உத்தியோகம் பார்க்கிறது.

பொலிசாரை உண்மையாகவே தாக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 183ஆம் பிரிவும் 344ஆம் பிரிவும் அதற்காகத்தான் இருக்கின்றன. முதலாவது, அரச ஊழியரின் கடமைக்குத் தடை செய்வது. இரண்டாவது, கடமையைச் செய்ய விடாமல் அவர் மீது பலத்தைப் பிரயோகிப்பது. இன்று பேச வந்தது, பொலிசாரே ஒருவரை அடித்துவிட்டு, அதை மறைக்க அதே பிரிவுகளை அவர் மீது எழுதுவதைப் பற்றி.

கொட்டாஞ்சேனையில் இரவு பதினொரு மணிக்கு ஒரு ஓட்டோவை மறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இறங்கச் சொல்கிறார்கள். "ஏன் சேர்?" என்கிறார் சாரதி. வாய்ப்பேச்சு கூடுகிறது, கன்னத்தில் ஒன்று விழுகிறது, பிறகு பொல்லு. நிலையத்துக்குக் கொண்டு போன பின்தான் சிக்கல் தெரிகிறது: இந்த ஆளின் உடம்பில் காயம் இருக்கிறது, நாளைக்கு நீதவான் கேட்டால் என்ன சொல்வது? உடனே தகவல் புத்தகத்தில் ஒரு குறிப்பு ஏறுகிறது: "சந்தேகநபர் கைதை எதிர்த்து முரண்பட்டார், குறைந்தபட்ச பலம் பாவிக்கப்பட்டது." அடித்த அதிகாரி நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கிறார். அவருக்கு டிக்கெட், அதாவது ஆஸ்பத்திரி அனுமதிச் சீட்டு, வெட்டியாயிற்று. சாரதிக்கோ காலை வரை கூண்டு. காகிதத்தில் இப்போது முறைப்பாட்டுக்காரர் யார், சந்தேகநபர் யார் என்று பாருங்கள்.

ஆகவே இப்படியான வழக்கில் முதலில் கேட்க வேண்டியது நேரம். மறித்தது எத்தனை மணிக்கு, கைது என்று எழுதியது எத்தனை மணிக்கு, இடையூறு என்ற குறிப்பு எத்தனை மணிக்கு, அதிகாரி ஆஸ்பத்திரியில் அனுமதியானது எத்தனை மணிக்கு? நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால், இல்லாத கதை பெரும்பாலும் அங்கேயே இடறும். மறித்தது பதினொன்று, கைது இரண்டு மணி என்றிருந்தால், நடுவில் இருந்த மூன்று மணித்தியாலம் என்ன? நடமாடும் சுதந்திரம் பறிக்கப்பட்ட கணமே கைது தொடங்கிவிடுகிறது, புத்தகத்தில் எழுதும் நேரம் அல்ல என்பது 1988இல் பியசிறி எதிர் பெர்னாண்டோ வழக்கிலேயே உயர் நீதிமன்றம் சொன்ன விஷயம்.

அடுத்த கேள்வி: எந்தக் கடமைக்கு இடையூறு? கைதை எதிர்த்தார் என்றால் முதலில் ஒரு சட்டபூர்வமான கைது இருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு, என்ன குற்றச்சாட்டுக்காகப் பிடிக்கிறோம் என்பதைச் சொல்லச் சொல்கிறது. அரசியலமைப்பின் 13(1) உறுப்புரையும் அதையே சொல்கிறது. அதற்கெல்லாம் முன்பே, 1951இல் முத்துசாமி எதிர் கன்னங்கர வழக்கில் நீதியரசர் கிரேஷியன், பிடியாணை இல்லாமல் பிடிக்கும் அதிகாரி காரணம் சொல்லியாக வேண்டும் என்று தீர்த்துவிட்டார். குற்றப்பத்திரத்தில் இடையூறு ஒன்றுதான் இருக்கிறது, மறித்ததற்கான மூலக் குற்றம் எதுவுமே இல்லை என்றால், அந்த வழக்கு நிற்பதற்குத் தரையே இல்லை.

அதற்காகத் தெருவில் கையைத் தட்டிவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்லெண்ணத்தோடு செயற்படும் அரச ஊழியருக்கு எதிரான தற்காப்புரிமையைச் சட்டம் மிகக் குறுக்கி வைத்திருக்கிறது. சரி பிழை பிறகுதான் தீர்க்கப்படும். 23ஆம் பிரிவில் வேறொரு வசதி இருக்கிறது. சொல்லால் அல்லது செயலால் பணிந்துவிட்டால் உடம்பில் தொட்டுப் பிடிக்கவே தேவையில்லை. கைகளைத் தெரியும்படி வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, "மம எனவா சேர், மொக்கடத கியன்ன" என்று சொல்லுங்கள். வருகிறேன், எதற்கென்று சொல்லுங்கள். பணிந்ததற்கும் காரணம் கேட்டதற்கும் சாட்சி ஆயிற்று.

இன்னொரு சூட்சுமம். சிலவேளை கிழிந்த சீருடை, உடைந்த வோக்கி டோக்கி, ஜீப்பின் பக்கக் கண்ணாடி என்று ஒரு பட்டியலும் சேரும். வெறும் கோபம் என்று நினைக்காதீர்கள். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டத்தின்படி, நட்டம் குறித்த தொகைக்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் சான்றிதழ் கொடுத்தால், விசேட காரணம் காட்டாமல் நீதவானிடம் பிணை எடுக்க முடியாது. ஒரு கண்ணாடி ஆளை விளக்கமறியலில் வைத்துவிடும். அந்தச் சான்றிதழையும் பெறுமதி கணித்த விதத்தையும் முதல் நாளே கேள்விக்கு உட்படுத்துவது சட்டத்தரணியின் வேலை. 2012இல் வந்த விதிகளின்படி சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம். வாசலில் நிறுத்தினால் அந்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

இனி உடம்பு. காகிதத்தை மாற்றி எழுதலாம், தோலை எழுத முடியாது. பொல்லால் அடித்த அடி நடுவில் வெளுத்து, இரு பக்கமும் இரண்டு சிவந்த கோடாக, தண்டவாளம் மாதிரி நிற்கும். தலையைக் காக்கக் கையைத் தூக்கியவருக்குக் காயம் முன்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் இருக்கும். அடிக்கப் போனவருக்கு முஷ்டியின் விரல் மூட்டுகளில். விலங்கை இறுக்கினால் மணிக்கட்டைச் சுற்றிக் கீறலும், பெருவிரலின் பின்புறத்தில் மரத்துப்போன உணர்வும். கன்னத்து அறையில் செவிப்பறை கிழிந்திருக்கலாம், வெளியே ஒன்றும் தெரியாது. காது இரைகிறது என்று வாயால் சொல்ல வேண்டும். ஆழமான கண்டல் ஒன்றிரண்டு நாள் கழித்தே மேலே வரும். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று எழுதினால், 48 மணித்தியாலத்துக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்கக் கேளுங்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் ஒரு சொல்லில். அழைத்துப் போன கான்ஸ்டபிள் பக்கத்தில் நிற்க, டாக்டர் "என்ன நடந்தது?" என்கிறார். பயத்தில் "விழுந்துட்டேன்" என்று வாய் சொல்லிவிடுகிறது. சட்ட வைத்திய அதிகாரி படிவத்தில் அதைத்தான் எழுதுவார், வழக்கு முடியும்வரை அது பின்னாலேயே வரும். கான்ஸ்டபிளை வெளியே நிற்கச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள். அங்கே முடியாவிட்டால் நீதவான் முன் நிறுத்தும்போது வாய் திறந்து சொல்லுங்கள்: என்னை அடித்தார்கள், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புங்கள். சட்டத்தரணி இல்லாவிட்டாலும் சொல்லலாம். அது வழக்கேட்டில் பதியப்பட வேண்டும்.

சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே கையெழுத்து வைப்பது நம்மவர் செய்யும் அடுத்த பிழை. தமிழில் எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால், "எனக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்து விளக்கவும் இல்லை" என்று தமிழில் எழுதி அதற்குக் கீழே கையெழுத்து வையுங்கள்.

சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில் குறைந்தது 7 வருடம், கூடியது 10 வருடம் சிறை. ஆனால் வழக்குத் தொடுப்பது சட்டமா அதிபர். நீங்களும் நானும் அல்ல. கைக்கெட்டியது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அதுவும் மெதுவாகத்தான் நடக்கும்: 2010இல் மிரிஹானவில் நடந்த சித்திரவதைக்கு, தீர்ப்பு வந்த நேரத்தில் பதில் பொலிஸ் மா அதிபராக இருந்தவர் உட்படச் சிலருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது 2023 டிசம்பரில். ஆனால் மனுப் போட உங்களுக்கு இருப்பது ஒரே மாதம். ஆஸ்பத்திரியில் பத்து நாள், விளக்கமறியலில் பதினான்கு நாள் என்று அந்த மாதம் கரைந்துவிடும்.

அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தால் போதாது, விசாரணை நடந்துகொண்டிருந்தது என்று காட்ட வேண்டும் என உயர் நீதிமன்றம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996, சட்டம் வந்த வருடமே. போன் எடுத்துச் சொல்லிவிட்டு, எழுத்திலும் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.