கார்னோ கேட்ட கேள்வி

வணக்கம் நண்பர்களே. பள்ளி இயற்பியலில் கார்னோ எந்திரம், அதாவது வெப்பத்தை வேலையாக மாற்றும் ஒரு கற்பனை எந்திரம், படித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கார்னோ யார் என்று பாடம் சொல்லாது. இன்று அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சாடி கார்னோ 1796-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா லசார், பிரெஞ்சுப் புரட்சியின் படைகளைத் திரட்டி நடத்தியவர், நல்ல கணித அறிஞர். பாரசீகக் கவிஞர் சாடியின் மேல் இருந்த பிரியத்தில் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். நெப்போலியன் வீழ்ந்ததும் அப்பாவை நாடுகடத்திவிட்டார்கள். ராணுவப் பொறியாளரான மகனுக்கும் பெரிய வேலை எதுவும் கிடைக்கவில்லை.

அப்போது எல்லாரும் நீராவி எந்திரத்தை இன்னும் நன்றாகச் செய்யத்தான் பாடுபட்டார்கள். கார்னோ வேறு ஒன்று கேட்டார்: எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வெப்பத்திலிருந்து எவ்வளவுதான் வேலை வாங்க முடியும்? அதற்கு எல்லை உண்டா?

நீர்ச்சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விழுந்தால்தான் சக்கரம் சுற்றும். வெப்பமும் அப்படித்தான், சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை தரும் என்றார். கொதிகலன் மட்டும் போதாது, குளிர்ச்சியும் வேண்டும்! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது. எல்லையை முடிவு செய்வது அந்த இரண்டு வெப்பநிலைகள்தான். உள்ளே ஓடுவது நீராவியா காற்றா என்பது அல்ல. பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்குப்படி, 100 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் நடுவில் ஓடும் எந்திரம் எதுவானாலும், வாங்கும் வெப்பத்தில் சுமார் 19 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது.

1824-இல் இதைச் சிறு புத்தகமாகப் போட்டார். கண்டுகொள்ள ஆளில்லை. 1832-இல் காலரா அவரைக் கொண்டுபோனது. வயது 36. அப்புறம் பிரெஞ்சுப் பொறியாளர் கிளாபிரோன் எழுதிய கட்டுரை வழியாகக் கார்னோவை அறிந்த வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, 1845-இல் பாரிஸ் புத்தகக் கடைகளில் மூலநூலைத் தேடி அலைந்தார். கிடைக்கவில்லை.

சரி, அந்த நூலில் ஒரு பிழையும் உண்டு. வெப்பம் ஒரு பொருள், இறங்கும்போது அது அளவில் குறையாது என்ற அந்தக் காலத்து நம்பிக்கையின் மேல்தான் அது நிற்கிறது. ஆனால் 1878-இல் தம்பி இப்போலித் வெளியிட்ட கையெழுத்துக் குறிப்புகளைப் பாருங்கள். வெப்பம் இயக்கத்தின் இன்னொரு வடிவமே என்று கார்னோவே எழுதியிருக்கிறார்! ஒரு கிலோகலோரி வெப்பம் 370 கிலோவை ஒரு மீட்டர் தூக்கும் என்று கணக்கும் போட்டிருக்கிறார். இன்று நாம் அறிந்த அளவு 427. ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் இந்த அளவுக்கான தம் முதல் அளவீட்டை அறிவித்தது 1843-இல். இவருடைய கணக்கு அதற்கு முன்பே தாளில் ஏறிவிட்டது. தாம்சன் கடை கடையாகத் தேடிய அந்த ஆண்டிலும் அந்தத் தாள்கள் அச்சேறாமலே கிடந்தன.