சந்தேகங்களுக்கு விளக்கம்: ஒவ்வொரு மாணவருக்கும் தனி வீடியோ எடுக்க வேண்டுமா?

சரி, அடுத்த கேள்வி. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். "இதயம் வேலை செய்யும் விதத்தை வீடியோ பாடமாகத் தயாரிக்கிறேன். வகுப்பில் ஒரு மாணவிக்குப் பார்வை மிகவும் குறைவு. ஒரு மாணவனுக்குக் காது கேட்காது. இரண்டு மூன்று பேர் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர், செய்து படிப்பவர் என்று பிரித்துத் தனித்தனி வீடியோ எடுக்கவா?"

வேண்டாம் டீச்சர். அந்த மூன்று பிரிவையே முதலில் விட்டுவிடுங்கள். 2008இல் ஹரால்ட் பாஷ்லரும் வேறு சில உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். பார்த்தோ கேட்டோ செய்தோ படிக்கும் மாணவரின் 'பாணி'க்கு ஏற்றபடி நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள். ஆனாலும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் அந்த மூன்று பிரிவு ஸ்லைடு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காது கேட்காததும் கண் தெரியாததும் பாணி இல்லை, தடை. தடைக்கு வழி செய்தால் போதும். ஒரே வீடியோவில் செய்துவிடலாம்.

உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். இதயப் படத்தைத் திரையில் வைத்துவிட்டு நாம் எப்படிப் பேசுவோம்? "இந்த நீலக் கலர் ரத்தம் இங்கே வந்து, இப்படி இறங்கி, அந்தப் பக்கம் போகும்." பார்வை குறைந்த மாணவிக்கு இதில் என்ன கிடைக்கும்? ஒன்றுமே இல்லை. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வலது ஆரிக்கிளில் இருக்கும் ரத்தம் மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்குகிறது. அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போகிறது." படம் இல்லாமலே புரிகிறது. 'இங்கே, அங்கே, இது, அது' எல்லாவற்றையும் எழுதி வைத்த பேச்சிலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டுப் பெயரைப் போடுங்கள். அப்புறம், படத்தில் இதயத்தின் வலது பக்கம் நமக்கு இடது பக்கமாகத் தெரியும். அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், நன்றாகக் கண் தெரியும் பிள்ளைகளே அங்கேதான் குழம்புகிறார்கள். சிவப்பு, நீலம் என்று நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஒரு ரத்தத்துக்கு முழுக்கோடு, இன்னொன்றுக்குப் புள்ளிக்கோடு என்று அம்புக்குறியை மாற்றிவிட்டால் நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தெரியும்.

காது கேட்காத மாணவனுக்கு சப்டைட்டில் வேண்டும். இங்கே ஒரு சிக்கல். பேசுவதையே அப்படியே எழுத்தாகவும் திரையில் ஓடவிட்டால் கவனம் சிதறும் என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் சோதனைகள் செய்து காட்டியிருக்கிறார். கண் படத்தைப் பார்ப்பதா, எழுத்தை வாசிப்பதா? எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அது இன்னும் பாரம். ஆக, ஒருவனுக்குக் கட்டாயம் வேண்டியது இன்னொருவனுக்கு இடைஞ்சல். அதனால் சப்டைட்டிலை வீடியோவோடு ஒட்டிவிடாதீர்கள். தனிக் கோப்பாக ஏற்றுங்கள், யூடியூப்பில் அந்த வசதி இருக்கிறது. வேண்டியவர் போட்டுக்கொள்வார், வேண்டாதவர் அணைத்துவிடுவார். திரையில் 'மூவிதழ் வால்வு' மாதிரி முக்கியமான சொல் மட்டும், அதுவும் அந்தப் பாகத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் போதும்.

இன்னொன்று, கேட்காத பிள்ளை சப்டைட்டிலை வாசிக்கும்போது படத்தைப் பார்க்க முடியாது. இருப்பது இரண்டு கண், அவை இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஒரு வாக்கியம் முடிந்ததும் சற்று நிறுத்தி, பிறகு அம்புக்குறியை நகர்த்துங்கள். அவன் சைகை மொழியில் வளர்ந்தவன் என்றால் தமிழ் எழுத்து மட்டும் போதாது. பாடநூல்களை இந்திய சைகை மொழிக்குக் கொண்டுவர என்.சி.இ.ஆர்.டி.யும் டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையமும் 2020இல் ஒப்பந்தம் போட்டன. அப்படி வந்த வீடியோக்களில் உங்கள் பாடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பின்னணி இசை வேண்டவே வேண்டாம். காதுக்கருவி வைத்திருப்பவருக்கு இசையும் பேச்சும் கலந்து இரைச்சலாகத்தான் கேட்கும்.

கடைசியாக, வீடியோவோடு கொடுக்கும் குறிப்பு. நம் ஆட்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் அடித்து பி.டி.எஃப். ஆக்கிக் கொடுக்கிறார்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. நம் கண்ணுக்குத் தமிழ், திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் என்.வி.டி.ஏ. மாதிரி மென்பொருளுக்கு (திரைவாசிப்பான்) ஆங்கில உளறல். தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிவு செய்யும் யூனிகோடில் அடித்த கோப்பாகக் கொடுத்தால் அந்த மாணவி வீட்டில் தானே கேட்டுப் படிப்பாள். பழைய குறிப்புகளை மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வெளியிடும் முன் திரையை மூடிவிட்டு ஒருமுறை கேளுங்கள். ஒலியை அணைத்துவிட்டு, சப்டைட்டிலோடு ஒருமுறை பாருங்கள். எங்கே புரியவில்லையோ அங்கே மட்டும் திருத்தினால் போதும், முழுதாகத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.